மேசியா: சொல்லும் பொருளும் தியானமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவருகைக் காலத்து ஞாயிறுகளிலும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலும் ஆலயத்தில் "மேசியா" என்ற சொல்லைப் பலமுறை கேட்கிறோம், பாடுகிறோம். அதன் பொருள் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் "இரட்சகர்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பதில் தவறன்று. ஆனால் அது போதாது. அந்தச் சொல்லைச் சரியாக உச்சரித்த பேதுருவே அதன் பொருளைத் தவறாகப் புரிந்துகொண்டு அடுத்த நிமிடமே கடிந்துகொள்ளப்பட்டார் என்பதைச் சுவிசேஷங்கள் மறைக்கவில்லை. வேதபாட வகுப்புகளில் இதைக் குறித்து எழும் கேள்விகளுக்குரிய பதில்கள் இங்கே உள்ளன. வசனங்களைச் சீர்திருத்தச் சபைகளுக்குப் பழக்கமான பழைய மொழிபெயர்ப்பின் நடையிலேயே தந்திருக்கிறேன். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை வாசிப்பவர்கள் "மேசியா" என்பதை "மெசியா" என்றும், "அபிஷேகம்" என்பதை "அருள்பொழிவு" அல்லது "திருப்பொழிவு" என்றும் காண்பார்கள்.

"மேசியா" என்பதற்கும் "கிறிஸ்து" என்பதற்கும் வேறுபாடு உண்டா?

இல்லை. "மாஷியாக்" என்ற எபிரெயச் சொல்லுக்கு எண்ணெய் பூசப்பட்டவர், அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று பொருள். இதற்கு அடியான வினைச்சொல் மிக எளிய அன்றாடச் சொல். போருக்குப் போகுமுன் தோல் கேடயங்களுக்கு எண்ணெய் பூசுவதைக் குறிக்கவும் ஏசாயா 21:5 அதே வினையைத்தான் பயன்படுத்துகிறது. அந்த எபிரெயச் சொல்லைக் கிரேக்கத்தில் "கிறிஸ்தோஸ்" என்று மொழிபெயர்த்தார்கள். புதிய ஏற்பாடு முழுவதிலும் "மேசியா" என்ற ஒலிவடிவம் இரண்டே இடங்களில், அதாவது யோவான் 1:41-லும் 4:25-லும், வருகிறது. மற்ற எல்லா இடங்களிலும் நாம் வாசிப்பது "கிறிஸ்து" என்பதையே. ஆகவே "இயேசு கிறிஸ்து" என்பதில் முதற்சொல் பெயர். இரண்டாவது சொல் குடும்பப் பெயரன்று, அவர் யார் என்பதைச் சொல்லும் அறிக்கை. "இயேசுவே மேசியா" என்ற முழு விசுவாச வாக்கியத்தை அந்த இரண்டு சொற்களும் தமக்குள் சுருக்கி வைத்திருக்கின்றன.

இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயராக இருந்த இரேனேயு இந்தப் பெயரைக் குறித்து எழுதிய ஒரு கருத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. "கிறிஸ்து" என்ற பெயருக்குள்ளேயே அபிஷேகம் பண்ணினவரும், அபிஷேகம் பெற்றவரும், அபிஷேகமாகிய எண்ணெயும் அடங்கியிருக்கிறார்கள். அபிஷேகம் பண்ணினவர் பிதா, பெற்றவர் குமாரன், அபிஷேகமோ ஆவியானவர் என்கிறார் அவர். அப்படியானால் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, திரியேகத்தை அறிக்கை செய்கிறோம்.

அபிஷேகத்துக்கு ஏன் எண்ணெய்?

வறண்ட நிலத்து மக்களுக்கு ஒலிவ எண்ணெய் உணவாகவும், விளக்கின் ஒளியாகவும், காயத்துக்கு மருந்தாகவும், வெயிலில் வெடித்த தோலுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அந்த அன்றாடப் பொருளை ஒருவரின் தலையில் ஊற்றி, "இனி இவர் தமக்குரியவரல்லர், தேவனுடைய பணிக்குரியவர்" என்று அறிவிப்பதே அபிஷேகம். யாத்திராகமம் 30-ஆம் அதிகாரம் பரிசுத்த அபிஷேக தைலத்தின் செய்முறையையே தருகிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, இவற்றோடு ஒலிவ எண்ணெய் ஒரு குடம். சேக்கல் ஒன்றுக்கு ஏறத்தாழ 11 கிராம் என்று கொண்டால், வாசனைப் பொருள்கள் மட்டுமே 16 கிலோவுக்கு மேல் வரும். நம் பாட்டிமார் "பிள்ளை வளர்ப்பான்" என்று அழைக்கும் வசம்பின் பெயரையே நம் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே பயன்படுத்தியிருப்பதால், தமிழில் வாசிக்கும்போது அந்த மணம் வீட்டுக்குள்ளிருந்தே எழுவதுபோல் இருக்கிறது. இதே கலவையைத் தன் சொந்தப் பயனுக்காக எவரும் செய்யக்கூடாது என்ற தடையும் அங்கேயே உண்டு.

தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் செவியில் "அபிஷேகம்" என்றதும் ஆலயக் கருவறையில் பக்தர்கள் தெய்வத்துக்குச் செய்யும் அபிஷேகமோ, அரசரின் பட்டாபிஷேகமோதான் நினைவுக்கு வரும். வேதாகமப் பொருள் பட்டாபிஷேகத்துக்கே அருகில் இருக்கிறது. மனிதர் தெய்வத்தின்மேல் ஊற்றுவதன்று. தேவன் தம் ஊழியர் ஒருவரின் கையால் ஒரு மனிதன்மேல் ஊற்றுவது. ஊற்றுபவர் தேவனே என்பதால்தான், தன் உயிரை வேட்டையாடிய சவுலைக் குகையில் தனியாகக் கண்டபோதும் தாவீது கை நீட்ட மறுத்தார். "கர்த்தர் அபிஷேகம்பண்ணின" ஒருவரைத் தொடுவது அவரை அபிஷேகித்தவரையே தொடுவதாகும் என்று அஞ்சினார்.

பழைய ஏற்பாட்டில் இந்தச் சொல் வரும் இடமெல்லாம் இயேசுவைத்தான் குறிக்கிறதா?

நேரடியாக இல்லை, இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பழைய ஏற்பாட்டில் "அபிஷேகம் பண்ணப்பட்டவர்" என்று அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அந்தந்தக் காலத்தில் ஆட்சி செய்த அரசர்கள். சில இடங்களில் ஆசாரியர்கள். எலியா தீர்க்கதரிசி எலிசாவை அபிஷேகம் பண்ணும்படி கட்டளை பெறுகிறார். எல்லாவற்றையும்விட வியப்பானது ஏசாயா 45:1: இஸ்ரவேலின் தேவனை அறியாத பாரசீக மன்னன் கோரேசைக் கர்த்தர் தாம் அபிஷேகம் பண்ணினவன் என்கிறார், ஏனெனில் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் வேலை அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

அப்படியிருக்க, வரப்போகும் ஒருவரைப் பற்றிய எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? அதன் வேர் 2 சாமுவேல் 7-இல் இருக்கிறது. கர்த்தருக்கு ஒரு வீடு கட்ட விரும்பிய தாவீதிடம், "நீ எனக்கு வீடு கட்டுவதில்லை, நான் உனக்கு ஒரு வீட்டை உண்டாக்குவேன், உன் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைபெறும்" என்ற பொருள்படும் வாக்கு அருளப்பட்டது. ஆனால் கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்தார்கள். தாவீதின் குலத்து அரசன் கண்கள் பிடுங்கப்பட்டு விலங்கோடு கொண்டுபோகப்பட்டான். வாக்கு இருக்கிறது, சிங்காசனம் இல்லை. இந்த இடைவெளிதான் எதிர்பார்ப்பின் பிறப்பிடம். தாவீதின் தந்தையாகிய ஈசாயின் வெட்டப்பட்ட அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்று ஏசாயா 11 சொல்வதையும், அற்பமான பெத்லகேமிலிருந்து ஆளப்போகிறவர் வருவார் என்று மீகா 5 சொல்வதையும், அரசர் கழுதையின்மேல் ஏறி வருவார் என்று சகரியா 9 சொல்வதையும் இந்த இழப்பின் பின்னணியில் வாசித்தால்தான் அவற்றின் கனம் புரியும். முன்னறிவிப்புகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் நேரே நிறைவேறுதலைக் குறித்துவைப்பது பயனுள்ள பயிற்சியே. ஆனால் அப்படிச் செய்யும்போது, அந்த வாக்குகளைப் பிடித்துக்கொண்டு பல தலைமுறைகள் காத்திருந்த மக்களின் ஏக்கம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இயேசுவின் காலத்து யூதர்கள் எப்படிப்பட்ட மேசியாவை எதிர்பார்த்தார்கள்?

எல்லாரும் ஒரே விதமாக எதிர்பார்க்கவில்லை. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமுக்குள் நுழைந்து, ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளேயே போனான். அந்தக் காயத்தின் சூட்டில் எழுதப்பட்ட "சாலொமோனின் சங்கீதங்கள்" என்ற யூதப் பாடல் தொகுப்பின் 17-ஆம் பாடல், எருசலேமை அந்நியரிடமிருந்து சுத்திகரிக்கப்போகும் தாவீதின் குமாரனுக்காக மன்றாடுகிறது. சவக்கடலின் அருகே கும்ரானில் 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சுருள்களிலோ "ஆரோனின் மேசியா", "இஸ்ரவேலின் மேசியா" என்று ஆசாரியர் ஒருவரும் அரசர் ஒருவருமாக இருவர் எதிர்பார்க்கப்படுகிறார்கள். சமாரியர் தாவீதின் வம்சத்தை ஏற்காதவர்கள். அவர்கள் மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசிக்காகக் காத்திருந்தார்கள். யோவான் 4-இல் கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண், மேசியா வரும்போது "எல்லாவற்றையும் நமக்கு அறிவிப்பார்" என்று சொல்வதன் காரணம் இதுதான். கி.பி. 6-ஆம் ஆண்டு குடிமதிப்பை எதிர்த்துக் கலகம் செய்த கலிலேயனாகிய யூதாஸைப் பற்றியும் அவன் கூட்டம் சிதறியதைப் பற்றியும் அப்போஸ்தலர் 5 குறிப்பிடுகிறது. இப்படிப்பட்ட காற்றில்தான் "மேசியா" என்ற சொல் மிதந்துகொண்டிருந்தது. வாய்விட்டுச் சொன்னால் ரோமப் படை வருமளவுக்கு ஆபத்தான சொல் அது.

தாம் மேசியா என்பதை எவருக்கும் சொல்லவேண்டாம் என்று இயேசு ஏன் கட்டளையிட்டார்?

என் பார்வையில், மேசியாவைக் குறித்த எல்லாக் கேள்விகளிலும் மிக முக்கியமானது இதுவே. அதற்கான பதிலை மாற்கு 8-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துத் தேட வேண்டும்.

இடம் பிலிப்புச் செசரியா. எர்மோன் மலையடிவாரத்தில் யோர்தானின் ஊற்றுகளில் ஒன்று புறப்படும் அந்த ஊருக்கு ஏரோதின் மகன் பிலிப்பு, சீசரின் பெயரைச் சூட்டியிருந்தான். பெரிய ஏரோது அங்கே அகுஸ்து பேரரசனுக்கு ஒரு கோவிலையும் கட்டியிருந்தான். பேரரசனின் பெயரைத் தாங்கிய ஊரின் எல்லையில், "நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்?" என்று இயேசு கேட்கிறார். "நீர் கிறிஸ்து" என்கிறார் பேதுரு. பதில் முற்றிலும் சரி. உடனே, இதை எவருக்கும் சொல்லாதீர்கள் என்ற கட்டளை பிறக்கிறது. அதைத் தொடர்ந்து, மனுஷகுமாரன் பல பாடுகள் படவும், மூப்பரால் தள்ளப்படவும், கொல்லப்படவும், மூன்று நாளைக்குப்பின் உயிர்த்தெழவும் வேண்டும் என்று இயேசு போதிக்கத் தொடங்குகிறார். பேதுருவோ அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். அதற்குக் கிடைத்த மறுமொழி: "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே."

சொல் சரியாக இருந்தது. அதற்குள் பேதுரு வைத்திருந்த உள்ளடக்கம் வேறாக இருந்தது. பாடுபடாத மேசியாவை வனாந்தரத்தில் சாத்தான் ஏற்கெனவே இயேசுவுக்குக் காட்டியிருந்தான். அதே சோதனை இப்போது அன்புள்ள நண்பனின் வாயிலிருந்து வருகிறது. இந்தச் சம்பவத்துக்குச் சற்று முன்னால் மாற்கு ஒரு குருடனின் கதையை வைத்திருப்பதைக் கவனியுங்கள். பெத்சாயிதாவில் இயேசு முதல்முறை தொட்டபோது அந்த மனிதன் நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் கண்டான். இரண்டாம் முறை தொட்ட பின்னரே தெளிவாகக் கண்டான். பேதுரு அப்போது முதல் தொடுதலுக்கும் இரண்டாம் தொடுதலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நம்மில் பலரும் அங்கேதான் நிற்கிறோம் என்று எண்ணுகிறேன்.

ஜெர்மானிய அறிஞர் வில்லியம் விரேதே 1901-இல், இந்த இரகசியக் கட்டளைகள் பிற்காலத்தில் சுவிசேஷத்துக்குள் சேர்க்கப்பட்ட விளக்கமே என்று வாதிட்டார். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று தெரிந்த ஒரு பட்டத்தைச் சுமக்கத் தயங்குவது எந்தக் காலத்திலும் இயல்பானதே. அந்தத் தயக்கம் முடியும் இடமும் மாற்குவில் இருக்கிறது. பிரதான ஆசாரியன் "நீ கிறிஸ்துவா?" என்று கேட்டபோது, இயேசு முதல்முறையாக வெளிப்படையாக "நான் அவர்தான்" என்றார். அப்போது அவர் கைதி; அவர் சேனையைத் திரட்டப்போகிறார் என்று எவரும் நினைத்துவிட முடியாத இடத்தில் நின்றபடியே அந்தப் பட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்.

இயேசுவின் தலையில் யாராவது அபிஷேக எண்ணெய் ஊற்றினார்களா?

இது ஒரு வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுமி கேட்ட கேள்வி. அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது ஆவியானவர் இறங்கியதைச் சபை அவருடைய அபிஷேகமாகக் கருதுகிறது. தேவன் அவரைப் பரிசுத்த ஆவியினாலும் வல்லமையினாலும் அபிஷேகம் பண்ணினார் என்று பேதுருவும் அப்போஸ்தலர் 10:38-இல் சொல்கிறார். பின்பு நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயா 61-ஐ வாசித்து, "இந்த வேதவாக்கியம் இன்றையத்தினம் உங்கள் காதுகள் கேட்க நிறைவேறிற்று" என்று அவரே உரிமை கோருகிறார். அங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியும் எண்ணெய் இல்லை.

ஆனால் உண்மையான தைலம் அவர் தலையில் ஊற்றப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. பஸ்காவுக்குச் சற்று முன், பெத்தானியாவில், குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில் சாப்பிடும்போது, ஒரு பெண் வெள்ளைக்கல் பரணியை உடைத்து நளதத் தைலத்தை அவர் சிரசின்மேல் ஊற்றினாள். மாற்கு அவள் பெயரைச் சொல்லவில்லை. இதையொத்த நிகழ்ச்சியை விவரிக்கும் யோவான், மரியாள் அவருடைய பாதங்களில் பூசினாள் என்று எழுதுகிறார். அந்தத் தைலத்தின் மதிப்பு 300 வெள்ளிப்பணம். ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்பதால் அது ஏறத்தாழ ஓர் ஆண்டின் உழைப்பு. நளதம் என்பது இமயமலைச் சரிவுகளில் விளையும் சடாமாஞ்சில் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். கங்கைப் பகுதியிலிருந்து வந்த நளதம் சேரநாட்டு முசிறித் துறையில் கப்பலேறியதை முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க வணிகன் ஒருவனின் கடல்வழிக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. பெத்தானியாவின் பரணி எந்த வழியாக வந்தது என்று எவரும் சொல்ல முடியாது. எனினும் நம் மேற்குக் கடற்கரை வழியாகப் போன ஒரு சரக்கின் மணம் அந்த வீட்டை நிறைத்தது என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

சாமுவேல் எண்ணெய்க் கொம்போடு பெத்லகேமுக்குப் போய் தாவீதை அபிஷேகம் பண்ணினார். இங்கே தீர்க்கதரிசியும் இல்லை, கொம்பும் இல்லை. அவள் செய்ததை வீண்செலவு என்று சுற்றியிருந்தவர்கள் முறுமுறுத்தார்கள். இயேசுவோ, தம்மை அடக்கம் பண்ணுவதற்கு ஆயத்தமாக இதைச் செய்தாள் என்றார். மேசியாவின் தலையில் விழுந்த எண்ணெய் சிங்காசனத்துக்குரியதாக அல்லாமல் கல்லறைக்குரியதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேதுருவால் ஏற்க முடியாமற்போன உண்மையை இந்தப் பெண்ணின் கைகள் செய்துவிட்டன. அதனால்தான் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படும் இடமெங்கும் இவள் நினைவுகூரப்படுவாள் என்ற வாக்கு இவளுக்குக் கிடைத்தது.

மேசியா பாடுபட வேண்டும் என்று பழைய ஏற்பாட்டில் எங்கே இருக்கிறது?

ஏசாயா 52:13 முதல் 53:12 வரையுள்ள பகுதியையே முதலில் சுட்டுவார்கள்: "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்." அங்கே வருபவர் "தாசன்" என்றே அழைக்கப்படுகிறார், "மேசியா" என்ற சொல் அந்தப் பகுதியில் இல்லை. பழைய அரமேயு விளக்க மொழிபெயர்ப்பு அந்தத் தாசனை மேசியா என்று சொல்லிவிட்டு, பாடுகளை மட்டும் மற்றவர்கள்மேல் சாற்றிவிடுகிறது. 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி அந்தத் தாசன் இஸ்ரவேல் மக்களே என்று விளக்கினார். எத்தியோப்பிய மந்திரி தன் இரதத்தில் இதே பகுதியை வாசித்து, "தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்?" என்று சுவிசேஷகனாகிய பிலிப்புவைக் கேட்டது நேர்மையான, இயல்பான கேள்வி.

அரசராகிய மேசியாவையும் பாடுபடும் தாசனையும் ஒருவராகவே கண்டதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தின் புதுமை. அந்தக் கண்டுபிடிப்பு ஆராய்ச்சியால் வரவில்லை, உயிர்த்தெழுதலால் வந்தது. எம்மாவுக்குப் போன இருவரும் "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். "கிறிஸ்து இவ்விதமாகப் பாடுபடவும், தமது மகிமையில் பிரவேசிக்கவும் வேண்டியதில்லையா?" என்று வழிப்போக்கராக வந்தவர் கேட்கிறார். அவர் மோசே முதல் தீர்க்கதரிசிகள் வரை விளக்கியபோது அவர்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஆயினும் அவரை அறிந்துகொண்டது அப்பம் பிட்கையில்தான்.

யூதர்கள் ஏன் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை?

முதற்சீஷர்கள் அனைவரும் யூதர்களே என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஏற்காதவர்களின் காரணமும் அவமதிக்கத்தக்கதன்று. அது வேதத்திலிருந்தே எழுவது. மேசியா வரும்போது பட்டயங்கள் மண்வெட்டிகளாகும், சிதறியவர்கள் ஒன்றுசேர்வார்கள், ஒரு ஜாதி மறு ஜாதிக்கு விரோதமாய்ப் போர் கற்பதில்லை என்று தீர்க்கதரிசிகள் கூறினார்கள். போர் நிற்கவில்லையே என்று யூதர் கேட்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிதேஸ் மேசியாவின் வருகையை விசுவாசத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக வகுத்தார். மேசியா தாமதித்தாலும் தினமும் காத்திருப்பேன் என்று அதைத் தழுவி அமைந்த அறிக்கையை யூதர்கள் இன்றும் சொல்கிறார்கள். கி.பி. 132-இல் பார் கோக்பா என்ற யூதத் தலைவர் ரோமருக்கு எதிராக எழும்பியபோது, பெரும் ரபியாகிய அகிபா அவரை மேசியா என்று நம்பினார். மூன்று ஆண்டுகளில் அந்த எழுச்சி இரத்தத்தில் முடிந்தது. ஏமாற்றத்தை அறிந்த மக்கள் அவர்கள்.

கிறிஸ்தவர்களின் பதில், மேசியாவின் வேலை தொடங்கிவிட்டது, அவருடைய இரண்டாம் வருகையில் முழுமையடையும் என்பது. ஆகவே நாமும் காத்திருப்பவர்களே. இந்தப் பொதுத்தன்மையை மறந்து, "கிறிஸ்துவைக் கொன்றவர்கள்" என்று ஒரு மக்களினத்தையே பழித்த பிரசங்கங்கள் நூற்றாண்டுகளாகப் பெருங்கொடுமைகளுக்கு வழி திறந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அந்தப் பழியை வெளிப்படையாக மறுத்தது. புனித வெள்ளி தியானங்களில் பேசுவோர் இதை நினைவில் வைத்துப் பேசவேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இஸ்லாமியரும் இயேசுவை "மஸீஹ்" என்கிறார்களே?

ஆம். குர்ஆன் ஈஸா நபியை "அல்-மஸீஹ்" என்று அழைக்கிறது; எபிரெயச் சொல்லோடு உறவுடைய சொல்தான் அது. ஆனால் அவருடைய தெய்வத்துவத்தையும் சிலுவை மரணத்தையும் இஸ்லாம் ஏற்பதில்லை.

தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா என்ற மூன்று பணிகள் எவை? அவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

இஸ்ரவேலில் அபிஷேகம் இந்த மூன்று பணிகளோடும் இணைத்துப் பேசப்பட்டது. அவை மூன்றும் கிறிஸ்துவில் ஒன்றாயின என்பது நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியுவிடமே காணப்படும் பழைய கருத்து. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் அதை விரிவாக வகுத்தார்; இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதே வகுப்பைப் பயன்படுத்தியது. 1563-இல் வெளிவந்த சீர்திருத்தச் சபையின் போதனை நூலாகிய ஐடல்பர்க் வினாவிடை "அவர் ஏன் கிறிஸ்து எனப்படுகிறார்?" என்று கேட்டு இந்த மூன்றையும் விளக்கிவிட்டு, உடனே அடுத்த வினாவாக "நீ ஏன் கிறிஸ்தவன் எனப்படுகிறாய்?" என்று கேட்கிறது. விசுவாசத்தினால் அவருடைய அபிஷேகத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதே விடை. அந்தியோகியாவில் முதன்முதலாகச் சீஷர்களுக்குக் கிடைத்த "கிறிஸ்தவர்கள்" என்ற பெயரிலும் அந்த எண்ணெய் இருக்கிறது. பெரிய வியாழனை ஒட்டி ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மா தைலம், திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் கத்தோலிக்கரின் தலையிலும் நெற்றியிலும் பூசப்படும்போது கண்ணுக்குத் தெரிவது இதே உண்மைதான்.

மேசியாவைத் "தியானிப்பது" என்றால் மனதை வெறுமையாக்குவதா?

அன்று. இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவனைச் சங்கீதம் 1 பாக்கியவான் என்கிறது. அங்கே உள்ள எபிரெய வினை "ஆகா". வாய்க்குள் முணுமுணுப்பது என்பது அதன் முதற்பொருள். இரையின்மேல் உறுமும் சிங்கத்துக்கும் புலம்பும் புறாவுக்கும் ஏசாயா அதே வினையைப் பயன்படுத்துகிறார். ஆகவே வேதாகமத் தியானம் ஒரு சொல்லை விடாமல் வாயிலும் மனதிலும் வைத்து அசைபோடுவது. 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ இதை வாசிப்பு, தியானம், ஜெபம், ஆழ்ந்த மௌனம் என்ற நான்கு படிகளுள்ள ஏணியாக வருணித்தார். கீழைச் சபைகளிலோ, "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஒற்றை வாக்கியத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அதற்குள்ளேயே "கிறிஸ்து" என்ற அறிக்கை இருக்கிறது.

மேசியாவைக் குறித்த தியானத்துக்கு நான் பரிந்துரைப்பது ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொள்வதை: "எப்படிப்பட்ட மேசியாவை நான் விரும்புகிறேன்?" நோயை நீக்குபவர், எதிரியைத் தாழ்த்துபவர், கடனைத் தீர்ப்பவர் என்று மனம் உண்மையாகவே எதை விரும்புகிறதோ அதை அவர் முன்னால் மறைக்காமல் சொல்லுங்கள். பின்பு மாற்கு 15:32-ஐ வாசியுங்கள். கிறிஸ்து சிலுவையிலிருந்து இறங்கட்டும், அப்போது விசுவாசிப்போம் என்று அங்கே பரிகசித்தவர்கள் கேட்ட மேசியாவும் நாம் கேட்கும் மேசியாவும் பலநேரம் ஒருவரே. நம் சபைகளில் பெரிய வெள்ளியன்று மூன்று மணிநேரம் நடக்கும் மும்மணி தியானத்தில் இந்த ஒரு வசனத்தோடு அமர்ந்திருப்பதே போதுமானது.

திருவருகைக் காலத்தில் வேறுவிதமாகத் தியானிக்கலாம். டிசம்பர் 17 முதல் 23 வரை மேலைத் திருச்சபையின் மாலைச் செபத்தில் ஏழு பழைய அழைப்புகள் பாடப்படுகின்றன: ஞானமே, அதோனாயே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஒவ்வொன்றும் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த மேசியாவின் பெயர். ஒவ்வொன்றும் "வாரும்" என்ற மன்றாட்டோடு முடியும். இலத்தீனில் இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து வாசித்தால் "நாளை இருப்பேன்" என்று பொருள்படும் சொற்றொடர் கிடைக்கும். ஒரு நாளுக்கு ஒரு பெயர் என்று குடும்ப ஜெபத்தில் இவற்றை எளிதாகப் பயன்படுத்தலாம். சிறுவர்கள் அந்த முதலெழுத்து வரிசையைப் பெருமகிழ்ச்சியோடு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இயேசு உண்மையில் மேசியாதானா என்ற சந்தேகம் எழுந்தால் அது விசுவாசக் குறைவா?

அவரைச் சுட்டிக்காட்டிய யோவான் ஸ்நானகனே அந்தச் சந்தேகத்தைக் கேட்டார். ஏரோது அந்திப்பா அவரைச் சவக்கடலின் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டையில் அடைத்துவைத்தான் என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அந்தச் சிறையிலிருந்து தம் சீஷரை அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" என்று கேட்டார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரைப்பற்றி ஜனங்களிடம் உயர்வாகவே பேசினார். ஆனால் "ஆம்" என்றும் நேரடியாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கிறதையும் காண்கிறதையும் போய் அறிவியுங்கள் என்றார்: குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது.

இந்தப் பட்டியல் ஏசாயாவின் வாக்குகளிலிருந்து பின்னப்பட்டது. நாசரேத்தில் அவர் வாசித்த ஏசாயா 61-இல், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்றொரு வரியும் உண்டு. சிறையில் இருப்பவருக்கு அனுப்பிய பதிலில் அந்த வரி மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக, "என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்" என்ற வாக்கியம் இருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்டு யோவான் என்ன சொன்னார் என்பதைச் சுவிசேஷங்கள் பதிவு செய்யவில்லை. அவர் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை. அவருடைய சீஷர்கள் வந்து உடலை எடுத்து அடக்கம் பண்ணி, பின்பு நேரே போய் அதை இயேசுவுக்கு அறிவித்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார்.